மெதுவாகப் போகச் சொன்னால் கேட்காத பெட்டி

என் அண்ணன் ஊர் முன்னால் மண்ணில் விழுந்து கும்பிட்டதற்குக் காரணம், நிரலில் நான் எழுதாமல் விட்ட ஒரு சின்ன ஃபங்ஷன். ஆபீசில் இதைச் சொன்னால், நாலு வரி நிரலுக்காக ஒரு மனுஷன் மண்ணில் விழுவானா என்று கேட்பார்கள். ஊரில் சொன்னால், அது என்ன சாமான், எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்பார்கள். இரண்டு பக்கமும் சொல்ல முடியாமல்தான் இதை எழுதுகிறேன். எழுதும்போதே காது சுடுகிறது.

எங்கள் குப்பம் பழவேற்காட்டில் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. வாசலில் நின்றால் லைட்ஹவுஸ் தெரியும். நைனா போன பிறகு வீட்டுக்கு அண்ணன்தான் எல்லாம். அவன் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறான். நான் சென்னையில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை செய்கிறேன். கம்பெனி படகுகளுக்கு ஒரு பெட்டி செய்கிறது. அந்தப் பெட்டி எதற்கு என்று புரிய வேண்டுமானால் எங்கள் முகத்துவாரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏரியும் கடலும் சேர்கிற இடம் அது. அங்கே மணல் ஓரிடத்தில் கிடக்காது. நேற்று ஆளை முழுங்கும் ஆழம் இருந்த இடத்தில் இன்று முழங்கால் தண்ணீர்தான் நிற்கும். தெரியாமல் ஏற்றினால் படகு தட்டும், எஞ்சினின் விசிறி உடையும், அலை வாகாக வந்தால் படகையே கவிழ்த்துவிடும். எங்கள் பெட்டி படகின் பின்பக்கம், எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அடியில் உள்ள சென்சாரால் ஆழத்தை அளக்கும். அளந்ததை யுஎஸ்பி கேபிள் வழியாக மொபைலுக்கு அனுப்பும். திரை பச்சையாக இருந்தால் போகலாம், சிவப்பானால் ஒதுங்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பெட்டிக்குள் யுஎஸ்பியைக் கவனித்துக்கொள்ள ஒரு சிப் உண்டு. அந்தச் சிப்பை ஆட்டிவைக்கும் நிரலை டிரைவர் என்போம். அதை எழுதியவள் நான். கேபிளைச் செருகியதும் பெட்டியும் மொபைலும் முதலில் பேசிக்கொள்வது வேகத்தைப் பற்றித்தான். நான் வேகமாகப் பேசுவேன், உனக்கு முடியுமா என்று பெட்டி கேட்கும். முடியும் என்று மொபைல் சொன்னால் அந்த வேகத்திலேயே ஆரம்பித்துவிடும். வேண்டாம், உன்னால் முடிந்தாலும் மெதுவாகவே பேசு என்று பெட்டியைக் கட்டுப்படுத்தவும் வழி இருக்கிறது. மேலே ஓர் அமைப்பில், அதாவது செட்டிங்கில், அதை எழுதிவைக்க வேண்டும். கீழே டிரைவரில் அதற்கென்று உள்ள ஃபங்ஷன் அதைப் படித்துச் சிப்பிடம் சொல்ல வேண்டும். என் டிரைவரில் அந்த ஃபங்ஷனை நான் எழுதவே இல்லை. கையில் இருக்கிற வேகத்தை எவன் வேண்டாம் என்பான்? அப்படி ஒரு திமிர் எனக்கு.

ஆழம் என்பது ஒரு எண். வினாடிக்குச் சில எண்கள் போனால் போதும். மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பினாலும் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் நான் ஊரில் வந்து என்ன அளந்தேன் தெரியுமா? "கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள போன்ல வந்துடும்ணா, எம்மாம் ஸ்பீடு தெரியுமா" என்று அண்ணனிடம் பீற்றிக்கொண்டேன். அவன் அதை அப்படியே கொண்டுபோய் ஊர்க்கூட்டத்தில் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் மணலில் ஆண்கள் மட்டும் கூடி உட்காருவார்கள். படகுச் சண்டை, வலைச் சண்டை, வாய்ச்சண்டை எல்லாம் அங்கேதான் தீரும். பெண்கள் அங்கே உட்காருவதும் இல்லை, பேசுவதும் இல்லை. அங்கே எழுந்து ஒருவன் ஒரு வார்த்தை சொன்னால் அது வார்த்தை. பிறகு மாற்றிப் பேச முடியாது. அண்ணன் எழுந்து, "என் தங்கச்சி செஞ்ச பொட்டி. நம்பிப் போடுங்க. ஒண்ணு தப்பா போச்சின்னா நான் கீறேன்" என்றானாம். அவன் முகத்துக்காகத்தான் ஊரில் பாதிப் படகுகளுக்குப் பெட்டி ஏறியது.

பெட்டி ஏறிய அடுத்த வாரம் நான் ஊருக்குப் போனேன். மீஞ்சூரில் பஸ் ஏறி, காட்டூர் தாண்டும்போதே பெருமை தாங்கவில்லை எனக்கு. கரையில் இறங்கி அண்ணன் படகைப் பார்த்ததும் என் முகம் செத்துப்போனது. நாங்கள் கொடுத்த கேபிளை நடுவில் வெட்டியிருந்தான். பொன்னேரியில் வாங்கிய ஒயரை இடையில் சேர்த்து முடிந்து, முடிச்சின் மேல் தங்கூசி என்கிற நைலான் நரம்பைச் சுற்றி, அதற்கும் மேல் படகின் ஓட்டையை அடைக்கிற ரெசினைப் பூசியிருந்தான். ஒவ்வொரு முடிச்சும் கட்டை விரல் தடிமனுக்கு இருந்தது. எங்கள் ஊரில் அறுந்தது எதுவானாலும் அதற்கு இதுதான் வைத்தியம். கயிறாக இருந்தாலும் சரி, கேபிளாக இருந்தாலும் சரி.

"இன்னாண்ணா இது?" என்றேன்.

"இன்னா இன்னா? நீ குட்த்த ஒயரு இம்மாந்தான் கீது. பொட்டி பின்னால கீது, போனு அணியத்துல கீது. நடுவுல நானா ஒயர புட்ச்சினு நிக்கறது?"

அணியம் என்றால் படகின் முன்பக்கம். எஞ்சின் பக்கம் தண்ணீர் வாரி இறைக்கும் என்பதால் மொபைலை எப்போதும் முன்னால்தான் வைப்பார்கள், சோற்றோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கேனில். முகத்துவாரம் தாண்டும்போது முன்னால் நிற்பவன்தான் தண்ணீரைப் பார்த்துக் கூவுவான். அவன் கையில்தான் மொபைல் இருக்க வேண்டும். இது எங்கள் குப்பத்தில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் ஆபீசில் மேசை மேல் பெட்டியையும் மொபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தபோது, கேபிள் எவ்வளவு நீளம் என்று நானும் கேட்கவில்லை, யாரும் கேட்கவில்லை. வெளியூர்க்காரன் மறந்தால் மன்னிக்கலாம். நான் அந்தப் படகில் ஏறி விளையாடியவள்.

தன்னுடையதை மட்டுமல்ல, ஊரில் பெட்டி போட்ட எல்லாருடைய கேபிளையும் அண்ணனே உட்கார்ந்து முடிந்துகொடுத்திருந்தான். கரையில் செருகிப் பார்த்தால் வேலை செய்யும். படகு ஆடினால் திரை போய்விடும். மறுபடி வரும், மறுபடி போகும். முடிச்சுப் போட்ட நீளக் கம்பியில் அந்த வேகம் தாங்காது. நான் ஆத்திரத்தில் என்ன செய்தேன்? "ஒயர வெட்டச் சொல்லி யாருண்ணா சொன்னது? எல்லாத்தையும் நாஸ்தி பண்ணிட்டியே!" என்று கரையில் நாலு பேர் பார்க்கக் கத்தினேன். அவன் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். ஆபீசுக்குப் போன் செய்தேன். ஒரிஜினல் கேபிள் போட்டால்தான் நாம் பொறுப்பு என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

சரி, வேகத்தைக் குறைத்துவிடலாம் என்று அப்போதுதான் தோன்றியது. மெதுவாகப் பேசினால் மோசமான கம்பியும் தாங்கும். அண்ணன் வீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து, அமைப்பில் அதிகபட்ச வேகத்தை ஒரு படி கீழே இறக்கி எழுதினேன். அண்ணன் படகில் ஏற்றினோம். நான் கத்தினதற்காக அவன் அன்று காலையில்தான் தன் கேபிளை மட்டும் பழைய முடிச்சை அறுத்துப் புதிதாக, இறுக்கமாக முடிந்திருந்தான். ஏரிக்குள் பசியாவரம் பக்கம் வரை ஒரு சுற்றுப் போய் வந்தோம். திரை பச்சையாகவே நின்றது, ஒருமுறைகூடப் போகவில்லை. எனக்குக் கால் தரையில் படவில்லை. சாயங்காலத்துக்குள் எல்லாப் படகுக்கும் அதையே ஏற்றிவிட்டுப் பஸ் பிடித்துவிட்டேன். பெட்டி உண்மையிலேயே எந்த வேகத்தில் பேசுகிறது என்று ஒரு முறை, ஒரே ஒரு முறை, பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

அந்த வாரமே ஒரு படகு முகத்துவாரத்தில் தட்டியது. உள்ளே வரும்போது திரை பச்சை காட்டியிருக்கிறது. அப்படியே கறுத்துப்போய்விட்டது. முன்னால் நின்றவன் திரையைத் தட்டிக்கொண்டு நின்றானே ஒழிய, தண்ணீரைப் பார்க்கவில்லை. திட்டில் ஏறி விசிறி உடைந்து, அலை இரண்டு அடித்து, வலையும் பிடித்த மீனும் போய்விட்டன. ஆட்கள் நீந்திக் கரையேறினார்கள். அந்தப் படகுக்காரர் நேராக வந்து அண்ணனிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம். அண்ணி போனில் இதைச் சொல்லும்போது அவள் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிறு காலை ஓடினேன். கோயிலுக்குப் பக்கத்தில் வலைக் குவியலுக்குப் பின்னால் பெண்களோடு நின்றேன். படகுக்காரர் எழுந்தார். "எப்பவும் தண்ணியப் பாத்துதான் வருவோம். இவரு பேச்சக் கேட்டுப் பொட்டியப் பாத்து வந்தோம்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. ஊர்த் தலைவர் அண்ணனைப் பார்த்தார். "நீதான நான் கீறேன்னு சொன்ன?"

அண்ணன் எழுந்து நின்றான். என் தங்கை செய்த பெட்டி என்று சொல்லவில்லை, கம்பெனியைச் சொல்லவில்லை, கேபிளைச் சொல்லவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். அப்படியே மணலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். யார் முன்னாலும் குனியாத அந்த முதுகை நான் அங்கே பார்த்தேன். "எழுந்திருப்பா" என்று தலைவர் சொல்லும் வரை முகத்தை மண்ணில் வைத்தபடி கிடந்தான். பக்கத்தில் நின்ற பெண்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலாம். அய்யோ, பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி ஈரத் துணியால் அவன் நெற்றி மண்ணைத் துடைத்தாள். நான் அழுதேன். அவள் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "அழாத. முடிஞ்சி போச்சி. உழுந்து எழுந்தா அதோட சரி. இனிமே அந்தப் பேச்ச ஊர்ல யாரும் எட்க்கக் கூடாது. எட்த்தா, எட்த்தவங்க மேலதான் தப்பு." என்னைத் தேற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஊர்ச் சட்டத்தைச் சொல்கிறாள் என்று மண்டையில் ஏறவில்லை.

மதியமே தட்டின படகின் பெட்டியையும் கேபிளையும் வாங்கிவந்து லேப்டாப்பில் செருகினேன். இந்தத் தடவை வேகத்தைப் பார்த்தேன். முழு வேகத்தில் பேசிக்கொண்டிருந்தது, என்னுடைய பெட்டி. மெதுவாகப் போ என்று நான் எழுதிவைத்தது மேலேயே நின்றுவிட்டது. அதைக் கீழே சிப்பிடம் சொல்ல வேண்டிய ஃபங்ஷன்தான் இல்லையே! அமைப்பு சொல்கிறது, டிரைவர் காதில் வாங்கவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை. அண்ணன் படகில் அன்று ஓடியது என் புத்திசாலித்தனத்தால் அல்ல. அவன் புதிதாக முடிந்த முடிச்சு அந்த வேகத்தையும் ஒரு நாள் தாங்கியிருக்கிறது. அவனைத்தான் நான் கரையில் வைத்துத் திட்டினேன். தலையில் அடித்துக்கொண்டேன், நிஜமாகவே.

நாலு வரிதான். கேட்ட வேகம் என்ன என்று பார்த்து, குறைவு என்றால் சிப்பில் ஒரு பிட்டை மாற்றி வைக்க வேண்டும். அதை மாற்றினால், நான் வேகமாகப் பேசுவேன் என்று பெட்டி சொல்லவே சொல்லாது. சோறு வேகும் நேரத்தில் எழுதி முடித்துவிட்டேன். அதே கேபிளைச் செருகி, முடிச்சைப் பிடித்து ஆட்டினேன், இழுத்தேன், தண்ணீர் தெளித்தேன். பச்சை அசையவில்லை. லேப்டாப்பைப் பார்த்தேன், இந்தத் தடவை மெதுவாகத்தான் பேசியது. சந்தோஷம் வரவில்லை.

அண்ணனும் நானும் படகு படகாகப் போய் அதை ஏற்றினோம். மூன்றாவது படகில் அவன் கேட்டான்.

"இப்ப இன்னா பண்ண?"

"வேகத்தக் கொறச்சிட்டேண்ணா."

"போன தபாவும் அதான சொன்ன?"

"போன தபா சொன்னேன். அது கேக்கல."

"எது கேக்கல?"

"நான் எழுதனதுதாண்ணா. நான் எழுதி வெச்சிருக்கணும், எழுதல."

"செரி" என்றான். அடுத்த படகுக்கு நடந்தான். ஒரு அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதன் பிறகு வாடைக் காற்று வீசுகிற காலம் வந்தது. முகத்துவாரம் மோசமாகும் காலம் அது. அண்ணன் போட்ட முடிச்சுகள் அப்படியே இருந்தன, பெட்டிகள் மெதுவாகப் பேசின, ஒரு திரையும் கறுக்கவில்லை. தட்டின படகுக்காரரே முதலில் பெட்டியைத் திரும்ப வாங்கிப் போட்டாராம். எனக்கு மட்டும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் கூட்டம்தான் ஞாபகம் வரும். நான் செய்த தப்புக்கு அவன் விழுந்தான், அது ஊருக்குத் தெரியாது. அவன் ஒயரை வெட்டியதால்தான் எல்லாம் கெட்டது என்று இன்னும் சிலர் நினைத்துக்கொண்டிருப்பார்கள். இதை எப்படியாவது நேராக்கிவிட வேண்டும் என்று துடித்தேன். அவனுக்காகத் துடித்தேன் என்று நினைத்தேன். என் மனச்சுமையை இறக்கிவைக்கத் துடித்தேன் என்பதுதான் சரி.

அந்த நேரம் பார்த்து, வாடைக் காலத்தில் ஒரு படகும் தட்டவில்லை என்று ஊர்க்கூட்டத்தில் எனக்குச் சால்வை போடக் கூப்பிட்டார்கள். கூட்டத்துக்குள் ஒரு பெண் போய் நின்றதை நான் பார்த்ததே இல்லை. அண்ணன் புதுச் சட்டை போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். தலைவர் சால்வையைப் போர்த்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். என் கால் எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்த்தேன். அண்ணன் விழுந்த அதே இடம்.

"எம்மா, இன்னா செஞ்சேன்னு நாலு வார்த்த சொல்லு" என்றார் தலைவர்.

நன்றி என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். வாய் சும்மா இருந்ததா? "எங்க அண்ணன் ஒயர முடிஞ்சதுல ஒண்ணும் தப்பு இல்ல. நான்தான் எழுத வேண்டியத எழுதாம உட்டுட்டேன். படகு தட்டனதுக்கு நான்தான் காரணம். அன்னிக்கி அவுரு உழுந்திருக்கவே கூடாது" என்று மூச்சுவிடாமல் கொட்டினேன்.

கைதட்டல் வரவில்லை. தலைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஏம்மா, அந்தப் பேச்ச ஏம்மா எட்த்த?" என்றார், கோபமாகக்கூட இல்லை.

படகுக்காரர் எழுந்துவிட்டார். "முடிஞ்சத இப்ப எட்த்தா இன்னா அர்த்தம்? அன்னிக்கி நான் சொன்னது பொய்யா? ஊரு பண்ணது தப்பா? அதோட தீந்துச்சின்னு நானும் அவரும் ஒண்ணா கடலுக்குப் போய்ட்டு வரோம். இந்தம்மா வந்து கிளறுது."

அண்ணி சொன்னது அப்போதுதான் உறைத்தது. எடுத்தவர் மேல்தான் தப்பு. "தெரியாம சொல்லிட்டேங்க. நானே உழறேன்" என்று குனியப் போனேன். தலைவர் பதறிக் கையை நீட்டினார். "வேணாம்மா, பொம்பள உழுற வழக்கம் இல்ல. வூட்டுப் பொம்பள பேசுனா வூட்டு ஆம்பளதான்..." என்று இழுத்தார். சொல்லி முடிக்கவில்லை, முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. திரும்பிப் பார்த்தால் அண்ணன் எழுந்து நின்றிருந்தான். துண்டு ஏற்கெனவே தோளிலிருந்து இடுப்புக்கு வந்திருந்தது.

இரண்டாவது தடவை அவன் விழுந்தபோது, தோளில் சால்வையோடு அவன் தலைமாட்டில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு நடந்தோம். அவன் முன்னால், நான் பின்னால். புதுச் சட்டை முழுக்க மணல். "ண்ணா" என்றேன். "பேசாம வா" என்றான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பாமலே சொன்னான். "அந்தப் பொட்டிக்கு இன்னாவோ எழுதினியே, மெதுவா பேசுன்னு. அத்த ஒண்ணு உன் வாய்க்கும் எழுதிக்க." சிரித்தான் என்று நினைக்கிறேன். எனக்குச் சிரிக்க வரவில்லை.

சேதி எங்களுக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போயிருந்தது. அண்ணி ஈரத் துணியோடு வாசலில் நின்றிருந்தாள். அவன் நெற்றியைப் பார்த்தாள், என் தோளில் இருந்த சால்வையைப் பார்த்தாள். துணியை என் கையில் கொடுத்தாள்.

"இந்த தபா நீ தொடச்சி உடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அண்ணன் படியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு நெற்றியைக் காட்டினான்.